அலை ஓயட்டும் என்று நிற்கலாமா?

(போர்ட் பிளேரில் தொடர் கல்வி மையம் ஒன்றில், புதிதாகப் படிக்கக் கற்றவர்களிடையே பேசிய பேச்சு)

அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, உட்காருங்கள். பின்னால் நிற்பவர்களும் முன்னால் வாருங்கள். பாய் இருக்கிறது.

நம் ஊருக்கு 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் நம் வாயில் வருவது இன்னும் போர்ட் பிளேர்தான். நானும் அப்படியே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இங்கே ஒரு தங்கை என்னிடம் கேட்டார். "டீச்சர், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் எதிலும் முடிவு எடுக்க வரவில்லையே. அபர்தீன் கடைத்தெருவுக்குப் போனால் ஒரு சேலை எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும், வேறு எடுத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. இதற்கு ஏதாவது பாடம் இருக்கிறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இன்று அந்தத் தங்கை கேட்டதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மதில் மேல் பூனை என்று சொல்வோம். அந்தப் பக்கம் குதிப்பதா, இந்தப் பக்கம் குதிப்பதா? தெரியாமல் பூனை உட்கார்ந்திருக்கும். நம்மில் பல பேர் அப்படித்தான். காலையில் என்ன சமைப்பது? ஜங்லிகாட் போய் மீன் வாங்குவதா, பருப்பு போடுவதா? பிள்ளைக்குக் காய்ச்சல். இன்று ஆஸ்பத்திரி போவதா, நாளைக்குப் பார்ப்பதா? ஊரில் கல்யாணம். கப்பல் சீட்டு எடுப்பதா, மொய்ப் பணத்தை மட்டும் அனுப்புவதா? இப்படி ஒரு நாளில் எத்தனை!

இன்னொரு பழமொழியும் உங்களுக்குத் தெரியும். அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது? கடற்கரையில் நின்றுகொண்டு, அலை நிற்கட்டும், பிறகு குளிக்கலாம் என்று ஒருவன் காத்திருந்தானாம். தீவில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலை நிற்காது. எல்லாம் சரியாக அமைந்த பிறகு முடிவு எடுக்கலாம் என்று இருந்தால், அந்த நாள் வரவே வராது.

ஏன் தயங்குகிறோம்?

அறிவு குறைவு என்பதால் தயக்கம் வருவதில்லை. அதிகம் படித்தவர்களும் தயங்குகிறார்கள். சொல்லப்போனால் அவர்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள். பத்துப் பக்கமும் யோசிப்பார்கள்.

நம் பெண்களுக்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். சின்ன வயதில் அப்பா முடிவு செய்தார். பிறகு அண்ணன். பிறகு கணவன். இப்போது மகன். "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். சேலையின் நிறத்தைக்கூட யாராவது சொல்ல வேண்டியிருந்தது. பழகாத கை நடுங்கத்தானே செய்யும்? நீங்கள் முதல் முதலில் பென்சிலைப் பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். 'அ' எழுத எத்தனை நேரம் ஆனது! இப்போது எழுதுகிறீர்கள், கை நடுங்குவதில்லை. முடிவு எடுப்பதும் அதே மாதிரி ஒரு பழக்கம்தான். சின்னச் சின்ன விஷயங்களில் பழக வேண்டும்.

இன்னொன்று, பழி பயம். ஒரு சட்டி வாங்கினோம். ஒரு மாதத்தில் ஓட்டை விழுந்தது. "யார் வாங்கச் சொன்னது?" என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்குப் பயந்துதான் கடையில் ஒரு மணி நேரம் நிற்கிறோம். சட்டி நல்லதா கெட்டதா என்று அல்ல, திட்டு விழுமா விழாதா என்றுதான் அங்கே யோசிக்கிறோம். ஆண்களே, இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் எடுத்த முடிவு தவறிப் போனால், அன்று ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள். அடுத்த முறை அந்த வீட்டில் முடிவு சீக்கிரம் வரும்.

2004-ஆம் ஆண்டு நடந்தது

இப்போது ஒரு பெரிய விஷயத்துக்கு வருகிறேன். சேலையைப் பற்றிப் பேசிவிட்டு சுனாமியைப் பற்றிப் பேசுவதா என்று நினைக்காதீர்கள். தொடர்பு இருக்கிறது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் ஆறரை மணி. நம் தீவில் அதற்குள் நன்றாக விடிந்துவிடும். சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி பிளந்தது. அந்தப் பிளவு அங்கேயே நிற்கவில்லை. வடக்கே நிக்கோபார், அந்தமான் வரைக்கும், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. நம் வீடுகள் ஆடின. கொஞ்ச நேரத்தில் கடல் ஏறியது. கார் நிக்கோபார், கச்சால், கிரேட் நிக்கோபார் என்று தெற்குத் தீவுகளில் பெரிய நாசம். லிட்டில் அந்தமானில் ஹட் பே துறைமுகம் சிதைந்தது. இங்கே பக்கத்தில் சிப்பிகாட்டில் நிலமே தாழ்ந்து, வயல்களில் கடல் நீர் நின்றுவிட்டது. நான் வீட்டுக்கு வெளியே வந்து, உள்ளே போவதா தெருவிலேயே நிற்பதா என்று தெரியாமல் ஒரு சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொம்பை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் லிட்டில் அந்தமானில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கே மக்கள் இருந்தார்கள். சுமார் நூறு பேர்தான் அந்த இனத்திலேயே அப்போது இருந்தார்கள். பூமி ஆடியது. கடல் பின்வாங்கியது. அவர்கள் உயரமான இடத்துக்குப் போய்விட்டார்கள். பிழைத்தார்கள். அவர்களிடம் ரேடியோ எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. பூமி ஆடி, கடல் உள்ளே போனால் மேட்டுக்கு ஏறு என்பது அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லி வைத்தது.

இதே மாதிரி இந்தோனேசியாவில் சிமியுலு என்று ஒரு தீவு. பூமி பிளந்த இடத்துக்கு மிகப் பக்கம். சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. அந்தத் தீவில் 1907-ஆம் ஆண்டு ஒரு பெரிய அலை வந்து ஏராளமானோர் செத்துப் போனார்கள். அதன்பின் அந்த மக்கள் ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 'ஸ்மோங்' என்பது அந்தச் சொல். தாலாட்டிலும் கதையிலும் அது வரும். பலமாகப் பூமி ஆடினால், கடல் வற்றினால், குன்றுக்கு ஓடு. அவ்வளவுதான். 2004-இல் யாரோ ஒருவர் 'ஸ்மோங்' என்று கத்தினால் போதும். எல்லோரும் ஓடினார்கள். சுமார் 78,000 பேர் இருந்த தீவில் செத்தவர்கள் ஏழு பேர்.

பாண்டிச்சேரிப் பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் ஒரு தகவல் மையம் நடந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் ஒருவர், பூகம்பச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். "கடல் தண்ணீர் உள்ளே வருகிறது" என்று வீட்டில் சொன்னார்கள். "ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள்" என்றார் அவர். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேல் ஜனங்கள் தப்பினார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கதவை உடைத்தார்கள் என்றேன் அல்லவா? அதை நினைத்துப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, உடைத்தால் யார் கேட்பார்கள், செலவை யார் கொடுப்பார்கள் என்று அன்று பேசிக்கொண்டு நின்றிருந்தால்?

தாய்லாந்தில் ஒரு பத்து வயதுச் சிறுமி. இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தவள். டில்லி ஸ்மித் என்று பெயர். கடல் நுரைத்து வருவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பில் இதைப் பாடமாகப் படித்திருந்தாள். அம்மா அப்பாவிடம் அடம்பிடித்துச் சொன்னாள். அந்தக் கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் வெளியேறினார்கள். படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தப் பெண்ணைச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்று செத்துப் போனவர்கள் தயங்கியதால் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பாவம். கார் நிக்கோபார் பெரும்பாலும் தட்டையான தீவு. ஓடினவர்களையும் அலை பிடித்தது. இது நடக்கும் என்று பல பேருக்கு யாருமே சொல்லி வைக்கவில்லை. இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் அப்போது கிடையாது. ஐதராபாத்தில் அது தொடங்கியது 2007-ஆம் ஆண்டு. நம் வீடுகளிலும் அன்று இழப்பு இருந்தது. இந்த அறையில் இருக்கும் சிலருக்கு அது தெரியும்.

நான் சொல்ல வருவது வேறு. சிமியுலுவில் அந்த மக்கள் அந்த நிமிடத்தில் முடிவு எடுக்கவில்லை. அவர்கள் முடிவு எடுத்தது 1907-இல். அன்றே எடுத்து வைத்துவிட்டார்கள். 2004-இல் அந்த முடிவைச் செய்து முடித்தார்கள், அவ்வளவுதான். சீக்கிரம் முடிவு எடுக்கிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பல பேர் முன்கூட்டியே முடிவு எடுத்து வைத்தவர்கள்.

முன்பே எடுத்து வைக்கலாமா?

அரிசி தீர்ந்த பிறகா அரிசி வாங்குகிறோம்? டப்பாவில் அடி தெரியும்போதே வாங்கி வைக்கிறோம். முடிவையும் அப்படி வாங்கி வைக்கலாம்.

சமையலை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். திங்கள் பருப்பு, செவ்வாய் மீன், புதன் ரசம், துவையல். அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டுங்கள். இனி தினமும் காலையில் அந்தக் கேள்வியே கிடையாது. கப்பல் தாமதமாகி வெங்காயம் விலை ஏறினால், அன்றைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நம் மையத்தில் ஒரு அக்கா இதைச் செய்தார். "டீச்சர், நான் எழுதி ஒட்டிய முதல் காகிதம் அதுதான்" என்றார். கடிதம் எழுத அவருக்கு யாரும் இல்லை. சுவருக்கு எழுதினார்.

பிள்ளைகளின் உடல்நிலை. இதில் தயக்கம் ஆபத்து. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன செய்வது? 'பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. முதல் தடவை தண்ணீராகப் போனதுமே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஆஷாவிடம் பொட்டலம் கிடைக்கும். இல்லை என்றால், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர். அதில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தப்பக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்தால், பிள்ளை சோர்ந்து துவண்டால், குடிக்க மறுத்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நான் நிறுத்திச் சொல்கிறேன். எழுதியாயிற்றா? சரி.

பெரியவர்களுக்கு ஒன்று. திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது. ஒரு கை தூக்க வரவில்லை. பேச்சு குளறுகிறது. இது பக்கவாதம். 'கொஞ்சம் படுத்தால் சரியாகும்' என்று விடாதீர்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பொதுவாக அது பலன் தரும். ராத்திரியாக இருந்தாலும், மழையாக இருந்தாலும், அரைமணி முன்னால் புறப்படுவது ஒரு கையைக் காப்பாற்றும். மாமியாரைக் கேட்கவா, மகனுக்குப் போன் போடவா என்பதெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு.

இப்போது எல்லோர் கையிலும் செல்போன். "உங்கள் பாங்க் கணக்கு நிற்கப் போகிறது, இந்த நிமிடமே ஓடிபி நம்பரைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் பேசுவான். நல்ல தமிழில்கூடப் பேசுவான். அவன் உங்களை அவசரப்படுத்துகிறான். அங்கே யோசிக்க உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள். முடிவு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஓடிபியை யாருக்கும் சொல்ல மாட்டேன். மானேஜர் என்று சொன்னாலும் சொல்ல மாட்டேன். போனை வைத்துவிட வேண்டியதுதான். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினால் பணம் கை மாறிப் போகும்.

மெதுவாக எடுக்க வேண்டியவை

எல்லாவற்றையும் வேகமாகச் செய்யச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதறாத காரியம் சிதறாது. திருக்குறளில் 'வினைசெயல்வகை' என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. அதில் வள்ளுவர் இரண்டையும் சொல்கிறார். நிதானித்துச் செய்ய வேண்டியதை நிதானித்துச் செய். நிதானிக்கக் கூடாததில் நிதானிக்காதே. எனக்கு அதில் பிடித்தது, அவர் ஒரு பக்கம் மட்டும் சாயவில்லை என்பதுதான். யோசித்து முடித்து ஒரு துணிவுக்கு வந்த பிறகும் அதைத் தள்ளிப்போடுவது கெடுதல் என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

எது மெதுவாக? நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். இதைத் திரும்ப மாற்ற முடியுமா? சேலையை மாற்றலாம். மீனுக்குப் பதில் நாளை கருவாடு வாங்கலாம். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். நிலத்தை விற்றால் திரும்ப வராது. பெண்ணின் கல்யாணம், மகனின் படிப்பு, கடன் பத்திரத்தில் கையெழுத்து, இவை திரும்ப வராதவை. இவற்றுக்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். "இங்கே கைநாட்டு வை, நேரம் ஆகிறது" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். இப்போது நமக்குக் கைநாட்டு வேண்டாம், கையெழுத்து வரும். படித்துப் பார்க்கவும் வரும். படித்துப் பார்க்கிறேன் என்று சொல்வதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்கும் ஒரு தேதி வேண்டும். 'யோசிக்கிறேன்' என்று ஆறு மாதம் ஓட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றால் வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

யோசிக்கும்போது எழுதுங்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் நஷ்டம். நம் மையத்துத் தங்கை ஒருவருக்கு ஒரு சங்கடம். கையில் சேர்த்து வைத்த பணம் கொஞ்சம். தையல் இயந்திரம் வாங்குவதா, தபால் ஆபீசில் போடுவதா? மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. ஒரு மாலை இங்கே உட்கார்ந்து எழுதினார். நஷ்டப் பக்கத்தில் 'தைக்கத் தெரியாது' என்று எழுதினார். எழுதியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தையல் கற்றுக்கொள்ளப் போனார். பணம் தபால் ஆபீசில் இருக்கிறது. மூன்று மாதம் தலைக்குள் சுற்றிய விஷயம், தாளில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஹெர்பர்ட் சைமன் என்று ஒரு அமெரிக்க அறிஞர் இருந்தார். 1978-இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். மனிதர்கள் எப்படி முடிவு எடுக்கிறார்கள் என்று பல காலம் ஆராய்ந்தார். எல்லாவற்றையும் அலசி மிகச் சிறந்ததைத் தேடிப் பிடிக்க மனிதனுக்கு நேரமும் இல்லை, அத்தனை தகவலும் கிடைக்காது என்றார். நமக்கு எவ்வளவு நன்றாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த அளவுக்கு ஒன்று கிடைத்ததும் எடுத்துக்கொண்டு நகர்கிறோம். நடைமுறையில் மனிதர்கள் இப்படித்தான் வாழ முடியும் என்று அவர் காட்டினார். பரிசு வாங்கிய விஷயம்தான். ஆனால் நம் பாட்டிமார் மீன் வாங்கும் விதத்தைப் பார்த்தால், அவர்களுக்கு இது முன்பே தெரியும் என்றுதான் தோன்றுகிறது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருக்கிறதா? விலை கையில் இருக்கும் காசுக்குள் வருகிறதா? கூடையில் போடு. அடுத்த கூடையில் இதைவிட நல்ல மீன் இருக்குமோ என்று அவர்கள் பார்த்ததே இல்லை.

சேலைக் கேள்வி கேட்ட தங்கைக்கு இதுதான் பதில். கடைக்குள் போகும் முன்னாலேயே மூன்றைச் சொல்லிக்கொள்ளுங்கள். எவ்வளவு விலை, என்ன துணி, எதற்குக் கட்டப் போகிறேன். மூன்றும் பொருந்தும் முதல் சேலையை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். அதற்குப் பிறகு வேறு கடைக் கண்ணாடியைப் பார்க்காதீர்கள். இது கஷ்டம்தான். எனக்கும் கஷ்டம்தான்.

கப்பல்

நான் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்கிறேன் என்றேன்.

1996-ஆம் ஆண்டு. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவர் மஸ்தூர் வேலை. அப்போது ரங்கத் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். ஒரு நாள் மத்தியானம் தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்தி உண்டு. 2013-இல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படவும் என்று இருந்தது. ஊர் ராமநாதபுரம் மாவட்டம்.

மறுநாளே சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். சென்னைக் கப்பல் மூன்றாம் நாள் புறப்படுகிறது. பங்க் வகுப்பில் இடம் இருந்தது. கையில் பணம் இருந்தது. நான் வாங்கவில்லை. வரிசையிலிருந்து விலகி நின்று யோசித்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை. அவரிடம் கேட்கவில்லையே. கேட்காமல் போனால் என்ன சொல்வார்? தந்தியில் கொஞ்சம் கூட்டித்தானே எழுதுவார்கள்? அப்பாவுக்கு முன்பும் ஒரு முறை இப்படி வந்து சரியாயிற்றே? வீட்டுக்கு வந்தேன். இரவெல்லாம் யோசித்தேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டில் கேட்டேன். ஒருவர் போ என்றார், ஒருவர் பொறு என்றார். ரங்கத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் அவரிடமிருந்து பதில் வந்தது. "இதையெல்லாமா கேட்பாய்? உடனே போ" என்று. ஓடினேன். இடம் தீர்ந்துவிட்டது. யார் மேலும் குறை சொல்ல முடியாது. முதல் நாள் என் முன்னால் இருந்த சீட்டு அது.

அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து. கடலில் மூன்று நாள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பத்தாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது. முதல் கப்பலில் போயிருந்தால் ஒரு நாளாவது பார்த்திருப்பேன். "கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்தார்" என்று அம்மா சொன்னார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊரிலிருந்து திரும்பி வந்த வாரம் நானும் அவரும் உட்கார்ந்து பேசினோம். இனி ஊரிலிருந்து இப்படி ஒரு தகவல் வந்தால் யாரையும் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவர் புறப்பட்டுவிட வேண்டும். மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். இதை ஒரு தாளில் எழுதினேன். ஒரு துணிப்பை தைத்தேன். அதில் வழிச் செலவுக்குப் பணம், ஐலண்டர் கார்டின் நகல், இரண்டு சேலை, ஒரு துண்டு, ஊர் விலாசம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிய சீட்டு. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். பணத்தை எடுத்துச் செலவு செய்தால், அந்த மாதமே திருப்பி வைப்போம்.

பதினைந்து ஆண்டுகள் அந்தப் பை அங்கேயே தொங்கியது. சேலைகளை மட்டும் அவ்வப்போது மாற்றினேன். 2011-ஆம் ஆண்டு ஒரு இரவு தம்பி போன் செய்தான். அம்மா கீழே விழுந்துவிட்டார், பேச்சு சரியாக இல்லை என்றான். என்ன, ஏது என்று நான் கேட்கவில்லை. அவர் எழுந்து விளக்கைப் போட்டார். நான் பையை எடுத்தேன். கப்பலுக்கு நாள் இருந்தது. அதனால் கடன் வாங்கி விமானத்தில் போனேன். முதல் முறையாக விமானத்தில் ஏறினேன். பயப்படக்கூட நேரமில்லை.

அம்மா இருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பேச்சு வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு நாள் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், தலை வாரினேன்.

அந்தப் பை இன்னும் வீட்டில் இருக்கிறது. இப்போது என் மகள் சென்னையில் இருக்கிறாள். அவளும் ஒன்று தைத்து வைத்திருக்கிறாளாம். அவள் பையில் இந்தப் பக்கம் வருவதற்கான பணம் இருக்கிறது.

சரி, நேரம் ஆகிவிட்டது. பம்பூபிளாட் போகிறவர்கள் கிளம்புங்கள், சாத்தமிலிருந்து படகு போய்விடும். மற்றவர்கள் பலகையில் எழுதியிருக்கும் உப்பு சர்க்கரை அளவை இன்னொரு முறை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.